கடைமடைக்குப் போகாத தண்ணீர்

கோட்டை கட்டிய அரசர்களும் இருந்தார்கள், ஏரி வெட்டிய அரசர்களும் இருந்தார்கள். ஏரி வெட்டிய ஒருவனின் நாட்டில் நடந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள். அந்த ஏரிக்கு மருதேரி என்று பெயர். அரசன் பெயர் யாருக்கும் நினைவில்லை. அவன் வைத்துவிட்டுப் போன வழக்கம் மட்டும் வெகுகாலம் நின்றது.

ஏரிக்குக் கீழே வயல்கள் மூன்று பகுதியாக இருந்தன. ஏரியை ஒட்டித் தலைமடை, அதற்குக் கீழே இடைமடை, வாய்க்கால் முடியும் இடத்தில் கடைமடை. ஆண்டுதோறும் ஏரி திறக்கும் நாளில், தண்ணீர் பாய்ச்சும் நீர்க்கட்டி கடைமடையின் கடைசி வரப்பில் போய் நிற்பான். அவன் கால் நனைந்ததும் குரல் கொடுப்பான். அந்தக் குரல் வயல்வயலாக மேலே போகும். அதுவரை மற்ற இரண்டு பகுதியிலும் ஒருவரும் மடையைத் திறக்கக் கூடாது.

"கடைசி வயல் விளையத்தான் இந்த ஏரி" என்று அரசன் சொன்னானாம்.

அதில் ஒரு கணக்கும் இருந்தது. பெருமழையில் கரை கசிந்தால் தமுக்கு அடிப்பார்கள். மண்கூடையோடு முதலில் ஓடி வருபவர்கள் கடைமடைக்காரர்கள்தான். ஏரியில் ஒரு சாண் குறைந்தாலும் முதலில் காய்வது அவர்கள் வயல் அல்லவா?

சடையன் என்பவன் நீர்க்கட்டியாக இருந்தபோது வெற்றிலை வணிகர்கள் வந்தார்கள். எவ்வளவு விளைந்தாலும் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்கள். வெற்றிலைக் கொடிக்காலுக்கு நாள் தவறாமல் தண்ணீர் வேண்டும். ஊர்த்தலைவர் நல்லகுட்டியார் சடையனைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"சடையா, இந்த வருஷம் தண்ணியை இடைமடையோட நிறுத்திக்குவோம்."

"வழக்கம் இருக்குதுங்களே ஐயா. கடைசி வரப்புல என் கால் நனையணும்."

"நனையட்டும். யாரு வேண்டாம்னா? வாய்க்கால் தண்ணியிலதான் நனையணும்னு அரசர் சொன்னாரா?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள்.

"தலைமடையில உனக்கும் ஒரு துண்டு நிலம் ஒதுக்கியிருக்கேன். எத்தனை நாளைக்கு அடுத்தவன் வயலுக்கே தண்ணி கட்டுவே?"

சடையனுக்குச் சொந்தமாகக் கையகல நிலம்கூடக் கிடையாது. அவன் தலையாட்டினான். மறுத்திருக்க வேண்டும்.

ஏரி திறந்த அன்று அவன் கடைசி வரப்பில் நின்றான். தலைவரின் ஆட்கள் ஒரு குடம் தண்ணீர் சுமந்து வந்து அவன் காலில் ஊற்றினார்கள். கால் நனைந்தது. குரல் கொடுத்தான். மேலே மடைகள் திறந்தன.

கடைமடைக்காரி வேம்பி பக்கத்து வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உன் கால் நனைஞ்சிருச்சு அண்ணே. என் வயலு எப்ப நனையும்?"

"அடுத்த வருஷம் பார்ப்போம் தாயி."

முதல் ஆண்டு வெற்றிலை வண்டி வண்டியாகப் போயிற்று. இரண்டாம் ஆண்டு தலைமடையில் ஓட்டு வீடுகள் எழுந்தன. மூன்றாம் ஆண்டு சடையனும் கடுக்கன் போட்டுக்கொண்டான். ஒவ்வோர் ஆண்டும் குடம் வந்தது, கால் நனைந்தது. 'இத்தனை செல்வம் வந்தும் நாங்கள் வழக்கத்தை மீறவில்லை' என்று ஊரார் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள்.

கடைமடையில் பயிர் கருகியது. பிறகு மாடுகளை விற்றார்கள். பிறகு ஒவ்வொரு வீடாகப் பூட்டிக்கொண்டு போனார்கள். வேம்பி கடைசியாகப் போனாள். எதிரே வந்த சடையன் குனிந்து நடந்தான்.

அடுத்த ஐப்பசியில் மழை விடாமல் பெய்தது. காலையில் கரையைச் சுற்றிவந்த சடையன் கசிவைப் பார்த்துவிட்டான். தமுக்கை எடுத்து, கடைமடைப் பக்கம் திரும்பி அடித்தான். வெகுநேரம் அடித்தான். அங்கே யாரும் இல்லை என்பது அவன் கைக்குத் தெரிவதற்கு அவ்வளவு நேரம் ஆயிற்று.

தலைமடைக்கும் இடைமடைக்கும் ஓடினான்.

"கொடிக்கால்ல தண்ணி நிக்குது சடையா. வடிச்சு விட்டுட்டு வர்றேன்" என்றார் ஒருவர்.

"கரையில மண்ணு போட நாங்க எப்பப்பா வந்தோம்? அதுக்குன்னு ஆளு இருக்குமே" என்றார் இன்னொருவர்.

நல்லகுட்டியார் மட்டும் சிலரோடு வந்தார். கசிவை எங்கே அடைப்பது, எப்படி அடைப்பது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. உச்சிப்பொழுதில் கரை உடைந்தது. வெள்ளம் முதலில் தலைமடையைத்தான் கொண்டுபோயிற்று. கொடிக்கால்கள் இருந்த இடத்தில் ஆளுயரத்துக்கு மணல் கிடந்தது.

மழை விட்டதும் சடையன் வேம்பியைத் தேடிப் போனான். மூன்று ஊர் தாண்டி, யாருடைய வயலிலோ அவள் நாற்று நட்டுக்கொண்டிருந்தாள்.

"கரையைக் கட்டணும் தாயி. கட்டத் தெரிஞ்சவங்க நீங்கதான். இனிமே முதல் தண்ணி உங்களுக்குத்தான்."

வேம்பி கோபப்படவில்லை. கரையேறி வந்து அவனுக்குக் கஞ்சி ஊற்றிக் கொடுத்தாள். அவன் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"அப்பவும் நீங்க வழக்கத்தை மீறலேன்னுதானே சொன்னீங்க அண்ணே," என்றாள். "இப்ப எதை நம்பி நாங்க வர்றது?"

சடையன் கலயத்தைக் கழுவிக் கவிழ்த்து வைத்தான். வந்த வழியே நடந்தான்.

மருதேரிக் கரையைப் பிறகு யாரும் கட்டவில்லை.

கேட்டவர்களே, ஒன்று எதற்காகத் தொடங்கப்பட்டதோ அதைக் கைவிட்டு அதன் சடங்கை மட்டும் காப்பாற்றுகிறவர்களிடம் செல்வம் வந்தாலும் தங்காது.