ஏழு ஜோடியும் ஒரே அளவு

ஏழு ஜோடி செருப்பும் வந்துச்சு. ஒண்ணுகூட ஒருத்தருக்கும் சேரல.

தணிகைக்கு அழுகையே வந்துடுச்சு. சாப்பிட்டதும் ஏழு பேரும் கொதிக்கிற பாறை மேல மலையேறணும். ஏறி முடிச்சாத்தான் மடத்துல சீடனா சேத்துப்பாங்க. தம்பி பொற்கோவுக்கு ஒரு கால் சின்னது. வெறுங்கால்ல அவன் பாதிகூட தாண்டமாட்டான்.

நாளைக்குள்ள வேணும்னா ஒரே அச்சுலதான் வெட்ட முடியும்னு செருப்பு தைக்கிறவர் நேத்து சொல்லிட்டாரு. அதனால தணிகை ஏழு பேர் காலையும் அளந்து, கூட்டி, ஏழால வகுத்தான். அந்தச் சராசரியைக் குடுத்துட்டு வந்தான்.

ஃப்ரீ சைஸ்னு போட்ட சட்டை உங்களுக்கு என்னிக்காவது சரியா இருந்திருக்கா? அதே கதைதான்.

மடத்துக் குரு நாச்சியம்மைகிட்ட ஓடினான். சராசரி மழைங்கிறோம், சராசரி மனுஷன்ங்கிறோம், எல்லாம் பொய்யான்னு புலம்பினான்.

"அந்த அளவுக் கால் உங்கள்ல யாருக்கு இருக்கு?"

"யாருக்கும் இல்லம்மா."

"அப்ப யாருக்குத் தெச்ச?"

தணிகை கையிலிருந்த செருப்பைப் புரட்டிப் பாத்தான்.

"வாசல்ல வை. சாப்பிட்டு வா."

சாப்பிட்டு வந்து மறுபடி போட்டுப் பாத்தாங்க.

ஏழு பேருக்கும் கச்சிதமா இருந்துச்சு!

எப்படின்னு யாரும் கேக்கல. ஆளாளுக்கு ஒரே சிரிப்பு. பொற்கோ நொண்டாம நடந்தான். தணிகைக்குத் தலைகால் புரியல.

மலையேற ஆரம்பிச்சாங்க. குரு வெறுங்காலோட முன்னாடி. தணிகை கடைசி.

பாதி தூரத்துலதான் கவனிச்சான். முன்னாடி போற ஆறு பேருக்கும் ஒரே நடை. ஒரே உயரம். ஆறு காலடி, ஒரே சத்தம்.

"டேய் பொற்கோ."

ஆறு பேரும் திரும்பினாங்க.

"என்னண்ணே?"

ஆறு வாய், ஒரே குரல். முகத்தைப் பாத்தான். எந்த முகத்துலயும் கண்ணு பிடிச்சு நிக்க ஒண்ணும் இல்ல.

அவங்களை விலக்கிட்டு குருகிட்ட ஓடினான்.

"அம்மா, இதுல என் தம்பி எவன்?"

நாச்சியம்மை நின்னாங்க. ஒவ்வொரு முகமா பாத்தாங்க. இவன் முகத்தையும் அதே மாதிரிதான் பாத்தாங்க.

"ஏழு பேர் நிக்கிறீங்க. முதல்ல தணிகை யாருன்னு சொல்லுங்க."