பாறையடியில் ஒரு படையல்

ஜமீன் மலையில் பாறை சரிந்து, கல்லுடைக்கிறவர்கள் பதினோரு பேர் புதைந்துபோனார்கள். அதில் ஒருவன் ஒச்சாயியின் புருஷன். மேலிருந்து வெட்டி இறங்குவதுதான் கல்வேலை வழக்கம். அவசரத்துக்கு அடியைக் குடையச் சொன்னவர் ஜமீன்தார்.

பட்ட துக்கம் போதாதென்று, பதினாறாம் நாள் அரண்மனைப் பண்டிதர் ஏகாம்பரம், ஜமீன்தார் முன்னிலையில் மலையடிவாரத்தில் ஊரைக் கூட்டினார்.

"நட்சத்திரங்கள் இழுக்கிற இழுப்பில்தான் பூமி புடைத்து மலையாகிறது. அன்றைக்கு ஒரு நட்சத்திரத்தின் பிடி தளர்ந்தது, பாறை விழுந்தது. எசமான் மேல் குற்றமில்லை. இப்போது பிடி இறுகிவிட்டது. நாளைக்கே வேலைக்கு இறங்குங்கள். மாட்டேன் என்பவன் ஊரைவிட்டுப் போகலாம்."

ஒச்சாயி மட்டும் புருஷனுக்கான படையல் இலையை ஏந்திக்கொண்டு முன்னால் வந்தாள்.

"நல்லதுங்க சாமி. மிச்சப் பாறையை நட்சத்திரம் தாங்குதுல்ல? அதுக்கடியில போய் உங்க கையாலயே இந்தப் படையலை வச்சிருங்க. நாங்க வேலைக்கு இறங்குறோம்."

ஜமீன்தார் சரியென்று தலையசைத்தார். பண்டிதர் இலையை வாங்கிக்கொண்டு பாறையின் நிழல்வரை போனார். அண்ணாந்து பார்த்தார். இலையோடு பின்வாங்கினார்.

"அடியைக் குடைஞ்ச பாறைடீ! எந்த நேரமும் விழுமே!" என்று அலறினார்.

ஒச்சாயி இலையைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

"இதைத்தான் சாமி, அந்தப் பதினோரு பேரும் எசமான்கிட்ட சொன்னாங்க."