பதிவின் தலைமாட்டில் இரண்டு அம்புகள்

இணையத்தில் ஆடு வளர்ப்பவர்கள் கூடிப் பேசும் மன்றம் ஒன்று இருந்தது. அங்கே ஒவ்வொரு பதிவின் தலைமாட்டிலும் இரண்டு அம்புகள் குடியிருந்தன. பதிவு பிடித்தவர்கள் மேலம்பை அழுத்துவார்கள், பிடிக்காதவர்கள் கீழம்பை. கீழம்பு அதிகம் வாங்கிய பதிவு யார் கண்ணிலும் படாமல் மறைந்துவிடும்.

ஒருநாள் காங்கேயத்திலிருந்து வேலாத்தாள் ஒரு பதிவு எழுதினாள். "சோளக்காட்டுல ஆட்டை விடாதீங்க" என்று அது தொடங்கியது.

"பரம்பரையா மேய்க்கிறோம், இவ வந்து சொல்றாளா!" என்று சின்னமுத்து கீழம்பைக் குத்தினான். அடுத்து வந்தவர்களும் குத்தினார்கள். ஒருவரும் முதல் வரியைத் தாண்டவில்லை.

பதிவின் அடியிலிருந்து கடைசி வரி கத்தியது: "ஐயோ, என்னைப் பாருங்க! மழையில்லாம வாடி மறுபடி துளிர்க்கிற இளஞ்சோளம்தான் விஷம். முத்தின சோளத்தட்டு போடலாம். தன் ஆடுகளைப் பறிகொடுத்துட்டு எழுதினவ சொல்றா!"

மேலம்பு அலுத்துக்கொண்டது. "அவங்க அவசரத்துல வர்றாங்க. விடு."

"தீர்ப்புச் சொல்ல நேரமிருக்கு, படிக்க நேரமில்லையா?" என்றது கடைசி வரி.

கீழம்பு வெட்கத்தோடு கடைசி வரியிடம் கேட்டது. "என்னை உன் பக்கத்துல வெச்சிருந்தா, உன்னைத் தாண்டித்தானே வந்திருப்பாங்க?"

பதில் வருவதற்குள் பதிவு மறைந்துபோனது.

அந்த வாரமே சின்னமுத்து துளிர்விட்ட சோளக்காட்டில் ஆடுகளை விட்டான். கொஞ்ச நேரத்தில் அவை மூச்சுத் திணறி விழுந்தன. ஒன்றும் பிழைக்கவில்லை. அழுதுகொண்டே மன்றத்தில் எழுதினான்: "விஷயம் தெரிஞ்சவங்க ஒருத்தர்கூட முன்னாடியே சொல்லலியே!"

"சொன்னேனுங்க. எல்லாரும் சேர்ந்து கீழ தள்ளிட்டீங்க" என்று வேலாத்தாள் பதில் போட்டாள்.

மன்றத்தை நடத்தும் யோகராஜ் அந்தப் பழைய பதிவைத் தேடியெடுத்துக் கடைசிவரை படித்தார். மனம் பொறுக்காமல், எல்லாப் பதிவுகளிலும் அம்புகளை அடியில் கொண்டுபோய் வைத்தார்.

மறுநாளே புகார்கள் குவிந்தன. "ஒரு ஓட்டுப் போட இவ்வளவு தூரம் உருட்டிட்டு வரணுமா? விரல் வலிக்குது. பழையபடி மேலேயே வையுங்க!"

யோகராஜுக்குத் தயக்கம் வந்துவிட்டது. அம்புகளை மேலே நகர்த்தப் பார்த்தார். மேலம்பு உடனே கிளம்பியது. கீழம்போ கடைசி வரியை இறுகப் பற்றிக்கொண்டது. எவ்வளவு இழுத்தும் அசையவில்லை.

"நான் வரமாட்டேன்! அங்கே இருந்தப்போ வர்றவன் போறவனெல்லாம் என்னை எடுத்துத்தான் அந்தப் பொம்பளையைக் குத்தினான். இனி குத்த வர்றவன், அவ சொன்னதை முழுசா மிதிச்சுக்கிட்டாவது வரட்டும்!"