நூறு இன்ஜினியர்

கோவில்பட்டியில் ஒரு கல்யாண மண்டபத்து மாடியை வாடகைக்குப் பிடித்து, ஏழெட்டுச் சின்னக் கம்ப்யூட்டர் கம்பெனிகளை ஒன்றாக உட்கார வைத்தவன் இசக்கிமுத்து. ஒவ்வொன்றாகக் காலி செய்து போக, கடைசியில் அவனுடையது மட்டும் மிஞ்சியது. அதை அவனோடு சேர்ந்து ஆரம்பித்த பவுன்தாயும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மாடிச் சாவியை அவன் கையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அன்றைக்குப் பார்த்து, பெங்களூரில் பெரிய கம்ப்யூட்டர் கம்பெனி நடத்தும் முதலாளி ஆனந்தமூர்த்தி கிளை போட இடம் பார்க்க வந்து இறங்கினார். காலி நாற்காலிகளைப் பார்த்துச் சிரித்தார்.

"இந்த ஊர்ல ஏதுய்யா ஆளு? சாயங்காலத்துக்குள்ள நூறு இன்ஜினியரைக் கண்ணுல காட்டு. இங்கயே ஆபீஸ் போடுறேன்."

"காட்டுறேன் சார்" என்றான் இசக்கிமுத்து.

பொழுது சாயும்போது ஆம்னி பஸ்கள் நிற்கும் இடத்துக்கு அவரைக் கூட்டிப்போனான். லேப்டாப் பையும் கடலைமிட்டாய்ப் பொட்டலமுமாகப் பிள்ளைகள் பெங்களூர் பஸ்களில் ஏறிக்கொண்டிருந்தார்கள். பெற்றவர்கள் ஜன்னலோரம் நின்று கண்ணைத் துடைத்தார்கள்.

"எண்ணிக்கோங்க சார்."

"ஊரைவிட்டுப் போறவங்களைக் காட்டுறியே!"

"இருக்கிறதுக்கு இங்க வேலை எங்க சார்? ஆளில்லைன்னு நீங்க வர்றதில்ல. நீங்க வராததால ஆளில்ல."

அப்போது ஒரு பஸ்ஸுக்குள்ளிருந்து நாலைந்து குரல்கள் கேட்டன. "குட் ஈவினிங் சார்! லீவு முடிஞ்சு நம்ம ஆபீசுக்குத்தான் வர்றோம்!"

அத்தனை பேரும் ஆனந்தமூர்த்தியிடம் வேலை பார்ப்பவர்கள். அவர் முகம் தொங்கிப்போயிற்று.

முதல் பஸ் கிளம்பியது.

"சரிப்பா, ஒத்துக்கிறேன். ஆபீஸ் போட்டுருவோம். முதல் ஆளா யாரை எடுக்கலாம்?"

தூரத்தில் பாலம் ஏறிக்கொண்டிருந்த பஸ்ஸின் சிவப்பு விளக்கைக் காட்டினான் இசக்கிமுத்து.

"பவுன்தாய்னு ஒரு பொண்ணு சார். அதுலதான் போறா."