டில்டாவின் பெட்டி

"இன்னைக்கு எனக்கு வசனம் மறந்துடும், டில்டா," என்றாள் ஹெட்விக்.

ஃபின்லாந்தில் ஃபின்னிய மொழியில் நாடகம் போடுவது புதிதாகத் தொடங்கியிருந்த காலம் அது. சம்பளத்துக்கு நடிக்க வந்த முதல் பெண்களில் ஹெட்விக் ஒருத்தி. அவள் வீட்டில் பேசியது ஸ்வீடிஷ். ஃபின்னிய மொழியைச் சொல் சொல்லாகக் கற்றுக்கொடுத்தவள் டில்டா. மேடை விளிம்பில் இருக்கும் சின்னப் பெட்டிக்குள் உட்கார்ந்து வசனம் எடுத்துக் கொடுப்பவளும் அவள்தான்.

"மூணு வருஷமா மறக்கலையே."

"நீங்க இருக்கீங்கங்கற தைரியம். இன்னைக்கு வர்றது கிராமத்து ஜனம். அவங்க பாஷை. ஒரு சொல் தடுக்கினாலும் சிரிச்சிடுவாங்க. தடுமாறினா அடுத்த ஊர்ல இந்த வேஷம் வேற ஒருத்திக்குன்னு கம்பெனி முதலாளி சொல்லிட்டார்."

பாவம், தலைத்துணியை நான்காவது தடவையாக அவிழ்த்துக் கட்டினாள்.

"மேடையில யார்கிட்ட பேசறே?"

"ஜனங்ககிட்ட."

டில்டா எழுந்து நின்றாள். குனிந்து, தன் காலடியைப் பார்த்தபடியே ஒரு வசனம் சொன்னாள்.

"இது யாரு?"

ஹெட்விக்குச் சுருக்கென்றது. "பெட்டியைப் பார்த்தா என்ன தப்பு? அதுக்குத்தானே நீங்க இருக்கீங்க?"



பிற்பகல் மூன்று மணிக்குத் திரை விலகியது.

நாடகத்தில் ஹெட்விக் ஒரு குடியானவத் தாய். மகன் போருக்குப் போகிறான். மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றான். இப்போது அவள் பேச வேண்டும்.

ஒரு சொல்லும் வரவில்லை.

பெட்டியைப் பார்த்தாள். காலி.

யாரோ இருமினார்கள். இதோ சிரிக்கப் போகிறார்கள் என்று நினைத்துத் தலையை நிமிர்த்தினாள்.

நான்காவது வரிசையில், இரண்டு குடியானவப் பெண்களுக்கு நடுவே டில்டா உட்கார்ந்திருந்தாள். மடியில் கை. வாய் அசையவில்லை.

வேறு வழியில்லை. ஹெட்விக் மகன் பக்கம் திரும்பினாள். அவன் சட்டைக் கழுத்து திறந்து கிடந்தது.

"குளிரும்டா," என்றாள். "கழுத்தை மூடிக்கோ."

அரங்கத்தில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். பிறகு இன்னொருவர்.

திரை விழுந்ததும் ஹெட்விக் டில்டாவிடம் ஓடி வந்தாள்.

"அது வசனமே இல்ல."

"தெரியும்."

"உச்சரிப்பும் தப்பு."

"ஆமா."

"செத்துப் பிழைச்சேன். அங்கேயிருந்தாவது எடுத்துக் கொடுத்திருக்கலாம்ல?"

டில்டா நனைந்த கைக்குட்டையை மடித்தாள்.

"பெத்தவ பிள்ளைய அனுப்பிட்டிருக்கா. நடுவுல நான் எப்படிப் பேசறது?"