தவளை கேட்காமல் விட்ட வார்த்தை

அந்தக் காலத்தில் மழைக்கும் ஒரு பிறந்த வீடு இருந்தது. கரிசல் காட்டு ஊர் ஒன்றின் கண்மாய்தான் அது. அங்கே பிறந்து, அங்கேயே வளர்ந்து, பிறகு கடலுக்கு வாக்கப்பட்டுப் போனவள் மழை. எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் வருஷம் தவறாமல் ஐப்பசியில் பிறந்த வீட்டுக்கு வந்துவிடுவாள். வெறுங்கையோடு வருகிற பழக்கமே அவளுக்குக் கிடையாது. கண்மாய் நிறையத் தண்ணீரும் காடு நிறையப் பச்சையும் கொண்டுவந்து இறக்கிவைப்பாள். கொஞ்ச நாள் தங்கி, ஆசை தீரப் பேசிவிட்டு, "போயிட்டு வாரேன்" என்று கிளம்புவாள்.

பிறந்த வீட்டில் அவளுக்கென்று இருந்தது தம்பி தவளை மட்டும்தான். அக்காவின் தலை தெரிந்ததும் கரையில் ஏறி நின்று, "வாக்கா, வா" என்று கேட்பான். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவள் அத்தனை தூரம் வந்தாள் என்றும் சொல்லலாம். நம்மில் யார்தான் அப்படி இல்லை? வாசலில் நிற்கும்போது 'வாங்க' என்று கேட்காத வீட்டில் வடை பாயசத்தோடு இலை போட்டாலும் நமக்கு இறங்குமா?

ஒரு வருஷம் மழை வரும்போது கண்மாயில் போன வருஷத்துத் தண்ணீரே பாதிக்கு மேல் கிடந்தது. தவளை வயிறு முட்டத் தின்றுவிட்டு ஒரு கல்லின் மேல் இளவெயில் காய்ந்துகொண்டிருந்தான். மூக்கில் ஒரு சொட்டு விழவும் பாதிக் கண்ணைத் திறந்தான்.

"என்னக்கா, இப்பத்தானே வந்துட்டுப் போன மாதிரி இருக்கு? சரி, எப்ப போவ?"

மழை கொண்டுவந்த மூட்டையை இன்னும் இறக்கக்கூட இல்லை. அதை அப்படியே மறுபடியும் தூக்கிக்கொண்டாள்.

"இப்பவே போறேன்" என்றாள்.

'போறேன்' என்றுதான் சொன்னாள். 'வாரேன்' என்பதை அவள் சொல்லவில்லை. நம் வீடுகளில் கோபத்தில்கூட யாரும் அப்படிச் சொல்லிவிட்டுப் படியிறங்க மாட்டார்கள். இந்தத் தடியன் அதைக் கவனிக்காமல் வெயில் பக்கமாகப் புரண்டு படுத்தான்.

அடுத்த ஐப்பசிக்கு மழை வரவில்லை. அதற்கடுத்த ஐப்பசிக்கும் வரவில்லை. கண்மாய் குட்டையாகி, குட்டை சேறாகி, சேறு பாளம் பாளமாக வெடித்தது. கம்பு விதைத்த காட்டில் புழுதி பறந்தது.

அந்த ஊரில் வெள்ளைத்தாயி என்று காட்டு வேலை பார்க்கிற ஒரு சம்சாரிப் பெண் இருந்தாள். கைக்குழந்தைக்காரி. கண்மாயின் நடுவில் ஊற்றுத் தோண்டி, ஊறுகிற தண்ணீரைக் காத்திருந்து மொண்டுபோவாள். ஒருநாள் குடத்தோடு வந்து பார்த்தால், ஊற்றுக்குள் இருந்த கையளவு தண்ணீரில் தலைப்பிரட்டைகள் நெளிந்தன. ஓரத்தில் தவளை காவல் இருந்தான்.

"மொண்டுராத தாயி! எம் புள்ளைக அதுலதான் கெடக்கு."

"எம் புள்ளையும் வீட்டுல நாக்கு வறண்டுதான் கெடக்கு" என்றாள் வெள்ளைத்தாயி. சொன்னாளே தவிர, மொள்ளக் கை வரவில்லை. குடத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "உங்கக்கா ஏந்தான் இந்தப் பக்கம் எட்டிப் பாக்க மாட்டேங்கா? எதுவும் சண்டையா?"

"சண்டையெல்லாம் ஒண்ணும் இல்ல. கடைசியா வந்தப்ப நல்லாத்தான் பேசுனேன். எப்ப போவன்னு கேட்டேன். இப்பவேன்னு போயிட்டா."

"வான்னு கேட்டியா?"

தவளை தலைப்பிரட்டைகளின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"அடப் பாவி! வந்து நின்னவளை வான்னு கேக்காம எப்ப போவன்னா கேட்ட? எங்க அண்ணன் பொண்டாட்டி ஒருக்கா இப்படித்தான் கேட்டா. அந்த வாசப்படிய நான் இன்னைக்கு வரைக்கும் மிதிக்கல தெரியுமா?"

அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே வானத்தில் ஓர் இருட்டு நகர்ந்தது. மழைதான். மேற்கு மலைக்குப் போகிற வழியில் ஊருக்கு மேலாகப் போய்க்கொண்டிருந்தாள். தவளை காய்ந்த மண்ணின் சூடு பொறுக்காமல் குதித்துக் குதித்துக் கரையில் ஏறினான்.

"அக்கா! நில்லுக்கா!"

மழை நின்றாள். கீழே இறங்கவில்லை. "யாரு, தம்பியா? தாகம் எடுக்கவும் அக்கா ஞாபகம் வந்திருச்சோ?"

தவளை ஊற்றுப் பக்கம் திரும்பிப் பார்த்தான். குஞ்சுகள் ஒன்றன் மேல் ஒன்றாகக் கிடந்தன. தண்ணீர் என்ற சொல் வாய் வரைக்கும் வந்தது. வெட்கத்தில் அதை விழுங்கிவிட்டான்.

"தண்ணி கேக்க எனக்கு மூஞ்சி இல்லக்கா. அன்னைக்குக் கேக்காம விட்ட வார்த்தை தொண்டையிலயே நிக்குது. எச்சிகூட முழுங்க முடியல. ஒரே ஒரு தடவை கரைக்கு வந்து நில்லு. வான்னு கேட்டுர்றேன். அப்புறம் போறதுன்னாலும் போ."

பொய்யில்லை. அவன் தொண்டை வீங்கிப் பந்தாக நின்றது. மழை அதைப் பார்த்தாள். என்ன கோபம் இருந்தாலும் கூடப் பிறந்தவன் அல்லவா? மெதுவாகக் கரையில் இறங்கி நின்றாள். பெரிய சொட்டு ஒன்று புழுதியில் விழுந்தது. மண் மணத்தது.

"வா" என்றான் தவளை. தொண்டை வீக்கம் வற்றியது. உடனே மறுபடியும் உப்பியது. "வா, வா!"

வெள்ளைத்தாயிக்குக் கவிழ்ந்த குடத்தை நிமிர்த்தி வைக்கக்கூடத் தோன்றவில்லை. இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பி, "வா தாயி, வா! நல்லாருக்கியா? கண்ணுலயே காங்கலயே!" என்று அழுதாள், சிரித்தாள். வீடுகளுக்குள் இருந்தவர்கள் தெருவுக்கு ஓடிவந்தார்கள். கூரைக்கடியில் ஒதுங்கியவர் ஒருவரும் இல்லை. குழந்தைகளைத் தூக்கிப் பிடித்து நனையவிட்டார்கள். யார் யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியாமல் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். ஊற்று நிறைந்து வழிய, தலைப்பிரட்டைகள் கண்மாய்க்குள் ஓடிக் கலைந்தன.

கண்மாய் நிறைந்து வழிந்து மறுகால் பாய்ந்த பிறகும் தவளை விடவில்லை. கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தான்.

"அதான் வந்துட்டேனடா, இன்னும் என்ன வா, வா?" என்றாள் மழை.

"வந்தவங்களத்தானக்கா வான்னு கேக்கணும்?"

மழை ஊரே அதிரும்படி சிரித்துவிட்டாள். ஆசை தீரத் தங்கிக் கிளம்பும்போது, "போயிட்டு வாரேன்" என்று வாய் நிறையச் சொன்னாள்.

அன்று தொடங்கியதுதான் இது. மழை வந்து இறங்கி, ஊரெல்லாம் நனைந்து, கண்மாய் நிரம்பிய பிறகும் தவளை தொண்டையை உப்பிக்கொண்டு ஓயாமல் 'வா, வா' என்று கேட்கிறது.