ஓலையைத் தின்ன மணியக்காரர்

மூணு வருசமா மழை எட்டிக்கூடப் பாக்காத ஒரு சீமையில, ஆவாரங்காடுன்னு ஒரு ஊரு இருந்துச்சாம். ஊரு முழுக்க ஆட்டுக்காரக. அதுல ராக்கு, ராக்குன்னு ஒருத்தி. புருசன் போய்ச் சேர்ந்துட்டான். அவளுக்குன்னு இருந்தது ஒரு பட்டி ஆடும் மூணு கிடாவும்தான். மயிலன், சுட்டியன், கூழையன். கூழையன்னா வாலு குட்டை, கோவம் நெட்டை! ம் கொட்டுங்க, அப்பத்தான் சொல்லுவேன்.

அந்த ஊருக்கு ஒரு மணியக்காரர். தொந்தி முன்னால வரும், ஆளு பின்னால வருவாரு. ஒரு அமாவாசைக்கு ஊரைக் கூட்டி, மடியில இருந்து ஒரு ஓலையை உருவி, கணீர்னு படிச்சாரு. "ராசா உத்தரவு! பஞ்சம் தீர்ற வரைக்கும் அமாவாசைக்கு அமாவாசை, பட்டிக்கு ஒரு கிடா அரண்மனைக்கு வந்து சேரணும்!"

ஊருல ஒருத்தருக்கும் எழுத்து தெரியாது. ராசா சொன்னா சரிதான்னு தலையை ஆட்டிட்டாக. மயிலனை இழுத்துட்டுப் போயிட்டாரு. ராக்கு கொஞ்ச தூரம் பின்னாலயே ஓடுனா. ஏன்னு கேளுங்க. கிடா போனா குட்டி ஏது? குட்டி இல்லைன்னா பட்டி ஏது? இருக்கிற ஆடு கிழடாகிச் செத்துச்சுன்னா, அவ பொழைப்பு அதோட சரி.

"ராசா அப்படியா சொல்லியிருப்பாரு? அந்த ஓலையை நானே படிச்சுப் பாத்துட்டாத்தான் மனசு ஆறும்"னு நெனச்சா.

ஊருக்கு அங்கிட்டு ஒரு புளியந்தோப்புல, பக்கத்து ஊருப் பிள்ளைகளை ஒரு வாத்தியார் மணல்ல எழுதவச்சுப் பாடம் சொல்லுவாரு. ராக்கு ஆட்டை அந்தப் பக்கமே பத்திட்டுப் போனா, வேலிக்கு வெளியே நின்னா, பிள்ளைக கத்துறதைக் கேட்டுக்கிட்டே தொரட்டிக் கம்பால புழுதியில எழுதுனா, எழுதுனா, எழுதிக்கிட்டே இருந்தா. பிள்ளைகளுக்கு ஒரே சிரிப்பு. "ஏ, ஆட்டுக்காரி எழுதுறாடா!"

அவளுக்கு முதல்ல ஒண்ணும் மண்டையில ஏறலை. அப்புறம் பாத்தா, அடடா! ஆட்டுக்காரக குட்டி பொறந்ததும் காதுல வீட்டு அடையாளம் வெட்டுவாகல்ல? ஒரு வீட்டுக்கு மூலை வெட்டு, ஒரு வீட்டுக்குச் சதுர வெட்டு. ஆயிரம் ஆடு கலந்து நின்னாலும் காதைப் பாத்து இது இன்னார் வீட்டுதுன்னு சொல்றவளாச்சே ராக்கு! "இந்த 'ட' நம்ம வீட்டு மூலை வெட்டு. இந்த 'ப' கீழப்பட்டிக்காரக சதுர வெட்டு. அட, இத்தனை வருசமா நான் படிச்சுக்கிட்டுத்தானே இருந்திருக்கேன்!"னு புழுதியில குதிச்சா பாருங்க, ஆடெல்லாம் மெரண்டு ஓடிருச்சு.

ரெண்டாவது அமாவாசை வந்துச்சு. "சாமி, அந்த ஓலையைக் கொஞ்சம் காட்டுங்க"ன்னு கேட்டா.

"இந்தா, நல்லாப் பாரு. ஆடும்தான் ஓலையைப் பாக்குது!"ன்னு மணியக்காரர் நீட்டுனாரு. ராக்கு வேர்த்து விறுவிறுத்து, "கி... டா..."ன்னா. அதுக்கு மேல வரலை. ஊரே விழுந்து விழுந்து சிரிச்சுச்சு. சுட்டியனும் போச்சு.

வேற ஒருத்தியா இருந்தா கம்பை வீசிட்டு மூலையில குந்தியிருப்பா. இவ அப்படியா? ஒரு ஈத்துல குட்டி தப்புனா ஆட்டுக்காரி பட்டியை விட்டுட்டா ஓடுறா? அடுத்த ஈத்துக்குக் காத்திருக்காள்ல? மறுநாளே வேலியோரம் போய் நின்னுட்டா.

மூணாவது அமாவாசை. மிச்சம் இருந்தது கூழையன் ஒருத்தன்தான். போன தடவை மாதிரியே மணியக்காரர் சிரிச்சுக்கிட்டே நீட்டுன ஓலையை ராக்கு வாங்குனா, கூட்டத்துக்கு நடுவுல நின்னா, கணீர்னு படிச்சா. "மழை பெய்யுற வரைக்கும், அமாவாசைக்கு அமாவாசை, கிடா இல்லாத பட்டிக்கு அரண்மனை மந்தையில இருந்து ஒரு கிடா கொடுக்கவும்!"

கொடுக்கவும்! கேட்டீகளா? ராசா கொடுக்கச் சொன்னாரு, இந்த ஆளு பிடுங்கியிருக்காரு! ஊரு "ஆ"ன்னு வாயைப் பொளந்துச்சு. மணியக்காரர் என்ன செஞ்சாரு தெரியுமா? வெடுக்குன்னு ஓலையைப் பறிச்சாரு, வாயில போட்டாரு, மென்னாரு, முழுங்கிட்டாரு!

"ஓலை தின்ன ஆட்டைப் பாத்திருக்கேன். ஓலை தின்ன மனுசனை இன்னைக்குத்தான் பாக்குறேன்"னா ராக்கு.

"எந்த ஓலைடி? எங்க இருக்கு? காட்டு பாப்போம்!"னு வயித்தைத் தடவிக்கிட்டே, ஆளுகளை விட்டுக் கூழையனையும் இழுத்துட்டுப் போயிட்டாரு.

ராக்கு அழுதா. நல்லா அழுதா. அழுது முடிச்சுட்டு, காவிக்கல்லைக் கரைச்சா. "ஓலையைத்தானே முழுங்குவே? இதை முழுங்குடா பாப்போம்!"னு வெள்ளை வெளேர்னு இருந்த மூணு செம்மறியைப் பிடிச்சு, முதுகுல பெருசு பெருசா எழுதுனா. ஒண்ணுல 'ராசாவே'. ஒண்ணுல 'கிடா'. ஒண்ணுல 'எங்கே'. அப்படியே அரண்மனைக்குப் பத்திட்டா!

ஆடு வரிசையா நடக்குமா? 'ராசாவே கிடா எங்கே'ன்னு போகும், அப்புறம் 'எங்கே கிடா ராசாவே'ன்னு போகும், அப்புறம் 'கிடா எங்கே ராசாவே'ன்னு போகும். எப்படிப் போனாலும் கேள்வி ஒண்ணுதான். வழியெல்லாம் சனம் சிரிச்சுக்கிட்டே பின்னால வந்துச்சு. ராசா மேல்மாடத்துல இருந்து பாத்தாரு, இறங்கியே வந்துட்டாரு.

"நான் கொடுத்த கிடாவை என்கிட்டயே கேக்குறியா?"ன்னாரு.

"நீங்க குடுத்தது வரவே இல்லை ராசா. எங்ககிட்ட இருந்ததும் போச்சு"ன்னு நடந்ததை ஒண்ணுவிடாமச் சொன்னா.

ராசா குதிரையேறி வந்து மணியக்காரர் தொழுவத்தைத் திறந்தா, உள்ளே கிடா கிடாவா நிக்குது! ஆனா ஒண்ணுக்கும் காது இல்லை. எல்லாம் மொட்டைக் காது.

"எல்லாம் என் கிடாக ராசா. புண்ணு வந்துச்சுன்னு காதை அறுத்தேன்"னாரு மணியக்காரர்.

"புண்ணு இல்லை ராசா, அங்க எங்க வீட்டுப் பேரு இருந்துச்சு"ன்னா ராக்கு. "ஓலையைத் தின்னாரு, காதை அறுத்தாரு. பரவாயில்லை. எங்க குரலை என்ன செய்வாரு?"

"ர்ர்ர்... ப்பா, ப்பா!"ன்னு கூப்பிட்டா பாருங்க! மயிலன் ஓடியாந்துச்சு, சுட்டியன் ஓடியாந்துச்சு, கூழையன் மூங்கில் படலைத் தாண்டியே குதிச்சுச்சு. ஊருக்காரக ஒவ்வொருத்தரும் கூப்பிட்டாக, அவகவக கிடா அவகவககிட்டப் போச்சு. ராசாகூட வந்த அரண்மனை மேய்ப்பன் ஒரு சீட்டி அடிச்சான், ராசா கொடுத்தனுப்புன மிச்சக் கிடா எல்லாம் அவன் பின்னால போச்சு. தொழுவம் காலி! நடுவுல மணியக்காரர் மட்டும் நிக்கிறாரு.

"இப்ப நீ கூப்பிடு. வர்றது உன்னோடது"ன்னாரு ராசா.

மணியக்காரர் "ப்பா, ப்பா"ன்னாரு. ஒண்ணும் திரும்பலை. இன்னொரு தடவை கூப்பிட்டாரு. ஒண்ணும் அசையலை. மூணாந்தடவை தொண்டை கிழியக் கூப்பிட்டாரு. ஒருத்தன் வந்தான். யாரு? கூழையன்! தலையைக் குனிஞ்சான், வந்தான், விட்டான் ஒரு முட்டு! தொந்தி ஒரு பக்கம், தலைப்பாகை ஒரு பக்கம், ஆளு புழுக்கைக் குவியல்ல!

ராசா சிரிச்சு முடிச்சுட்டு ஒரு உத்தரவு போட்டாரு. அமாவாசைக்கு அமாவாசை ராக்கு ஓலை படிப்பா. மணியக்காரர் கிடாவைத் தோள்ல தூக்கிக்கிட்டு, கிடா இல்லாத பட்டிக்கு நடந்தே கொண்டுபோய்ச் சேக்கணும். அவரும் தூக்குனாரு, தூக்குனாரு, மழை வர்ற வரைக்கும் தூக்குனாரு. தொந்தி போன இடம் தெரியலை.

மழை வந்துச்சு, புல்லு வந்துச்சு, பட்டி கொள்ளாமக் குட்டி வந்துச்சு. புளியந்தோப்புல வேலிக்கு உள்ளே, ஆட்டுக்காரக பிள்ளைகளும் உக்காந்து எழுதுச்சுக. அடுத்தவன் படிச்சுச் சொல்றதையே நம்பி இருந்தா, உள்ளதும் போயிரும் கண்ணுகளா. நீங்களே படிச்சுப் பாருங்க.

ஆடு பட்டிக்குள்ள, கதை நெஞ்சுக்குள்ள, படலைச் சாத்திட்டுப் படுங்க.